குறையும் கூலண்ட் எங்கே போகிறது?

காரின் குளிரூட்டும் அமைப்பு மூடிய அமைப்பு. பெட்ரோல், டீசலைப் போல கூலண்ட் செலவாகித் தீர்வதில்லை. இன்ஜின் ஆயிலைப் போல ஓட ஓடக் கொஞ்சம் குறைவதும் அதற்கு இயல்பில்லை. நல்ல நிலையில் உள்ள காரில் சில மாதம் கழித்துப் பார்த்தாலும் ரிசர்வ் டப்பாவில் அதன் மட்டம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். டப்பா வழியே ஆவியாகும் நீர் மிகச் சொற்பம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டப்பாவை நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. நிரப்பி நிரப்பி ஓட்டுவது அந்தக் கசிவைத் தள்ளிப்போடுவதுதான். தரையில் சொட்டு விழவில்லையே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. கசிந்த திரவம் சூடான உலோகத்தில் பட்டு அங்கேயே உலர்ந்துவிடலாம், சிலிண்டருக்குள் புகுந்து புகைக்குழாய் வழியே வெண்புகையாக வெளியேறலாம், காருக்குள் விரித்திருக்கும் கார்ப்பெட்டின் அடியில் ஊறிக் கிடக்கலாம்.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகி இந்தத் திரவத்தின் வழியேதான் வெளியே போகிறது. சிறிய காரில் அதன் அளவு 4 முதல் 6 லிட்டர். வாட்டர் பம்ப் அதை இன்ஜின் பிளாக்குக்குள்ளும் அதன்மேல் உள்ள சிலிண்டர் ஹெட்டுக்குள்ளும் தள்ளுகிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் வழியை அடைத்து வைத்திருக்கும். வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது திறக்கத் தொடங்க, திரவம் ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் சூட்டை விட்டுத் திரும்புகிறது. இன்னொரு கிளை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டருக்குப் போய் வருகிறது. ரப்பர் ஹோஸ், கிளிப், பிளாஸ்டிக் இணைப்பு, கேஸ்கட், சீல் என்று இந்தச் சுற்றில் வரும் ஒவ்வொரு சந்தும் ஒழுகக்கூடிய இடம்தான்.

இந்த அமைப்பு அழுத்தத்தில் இயங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கசிவுகளின் விசித்திரமான நடத்தை பாதி புரிந்துவிடும். வெறும் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் சரிபாதியாகக் கலந்த கூலண்ட் 107 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங் வால்வு சுமார் ஒரு வளிமண்டல அளவுக்கு அழுத்தத்தைக் கூட்டிப் பிடித்து வைப்பதால் கொதிநிலை 125 டிகிரிக்கும் மேலே போய்விடுகிறது. எங்காவது சிறு ஓட்டை விழுந்தால் திரவம் மட்டும் போவதில்லை, இந்த அழுத்தமும் போகிறது. முழுதாக நிரம்பிய ரேடியேட்டரும்கூட அழுத்தம் இல்லாவிட்டால் மலை ஏற்றத்தில் கொதிக்கத் தொடங்கும். தமிழ்நாட்டுச் சமவெளியில் கூலண்ட் உறையும் பேச்சுக்கே இடமில்லை. உறைபனி விழும் ஊட்டியின் மார்கழி இரவுகளில் மட்டுமே அந்தக் கவலை கொஞ்சம் எழும். ஆனாலும் கொதிநிலையை உயர்த்துவதற்கும், அதில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பு மருந்துகளுக்காகவும் வேலூர் வெயிலிலும் கூலண்ட் தேவைப்படுகிறது.

அழுத்தம் சூட்டோடு ஏறுவதால், சில கசிவுகள் இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். வண்டியைப் பட்டறையில் விட்டு மெக்கானிக் பானெட்டைத் திறக்கும்போது எல்லாம் உலர்ந்து, குற்றமற்றுத் தெரியும். இதற்கு நேர்மாறாகக் குளிர்ந்தபின் ஒழுகும் கசிவும் உண்டு. உலோகமும் ரப்பரும் சுருங்கும்போது தளர்ந்த கிளிப்பின் அடியில் இரவெல்லாம் மெல்லக் கசிந்து, காலையில் இரண்டு சொட்டு கிடக்கும். இன்ஜின் சூடேறியதும் இணைப்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். எனவே கசிவைத் தேடும் வேலையைக் குளிர்ந்த இன்ஜினில் ஒருமுறையும், ஓடிச் சூடேறிய பின் ஒருமுறையும் செய்தாக வேண்டும்.

தேடத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியையோ அழுத்தம் தாங்கும் டப்பாவின் மூடியையோ திறக்கவே கூடாது. அழுத்தம் இருந்ததால்தான் 110 டிகிரியிலும் திரவம் திரவமாக இருந்தது. மூடி கழன்ற நொடியில் அது நீராவியாகச் சீறி முகத்திலும் கையிலும் அடிக்கும். துணியைப் போட்டு மெதுவாகத் திருகலாம் என்ற பழக்கம் பலருடைய கையைப் பொசுக்கியிருக்கிறது. மேல் ஹோஸைக் கையால் தயங்காமல் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறியபின் திறப்பதே முறை. கோடையில் அதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் மின்விசிறி தானாகச் சுழலும் என்பதால் அதனருகே விரல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி, கூலண்ட் உண்மையிலேயே குறைகிறதா என்பது. காலையில் இன்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, சமமான தரையில், டப்பாவில் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கிலோமீட்டரையும் குறித்துவைத்தால் போதும். சூட்டில் திரவம் விரிவதால் ஓடிவந்த காரில் மட்டம் உயர்ந்து தெரியும். ஒருநாள் சூட்டிலும் மறுநாள் குளிரிலும் பார்த்து ஒப்பிட்டால் இல்லாத கசிவு இருப்பதுபோலத் தோன்றும். ரேடியேட்டரில் தனி மூடி உள்ள கார்களில் டப்பாவை மட்டும் பார்ப்பது பாதிச் சோதனைதான். இவற்றில் சூடேறி விரியும் திரவம் மூடியைத் தாண்டி டப்பாவுக்குப் போய், ஆறும்போது ரேடியேட்டருக்குத் திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். இந்த உறிஞ்சல் நடக்காவிட்டால் டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே வரும். பல புதிய கார்களில் டப்பாவே அழுத்தம் தாங்கும் பாத்திரமாக இருக்கிறது. அங்கே மூடியும் டப்பாவின் தலையில்தான்.

காரின் அடியில் கிடக்கும் ஈரம் கூலண்ட்தானா என்பது இரண்டாவது கேள்வி. சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் இந்தச் சந்தேகத்தோடு பட்டறைக்கு வரும் கார்களில் கணிசமானவற்றில் சொட்டுவது ஏசி தண்ணீர்தான். காற்றிலிருந்து பிரிந்த அந்த நீர் நிறமோ மணமோ இல்லாதது, விரலில் பிசுபிசுக்காது. பெரும்பாலும் முன்பக்கப் பயணி கால் வைக்கும் இடத்தையொட்டி, இன்ஜின் அறையின் பின்சுவருக்குக் கீழே விழும். ஏசியைப் போடாமல் ஓட்டிப் பார்த்தால் நின்றுவிடும். கூலண்டுக்கு நிறம் உண்டு, வழுவழுப்பு உண்டு, லேசான தித்திப்பு மணமும் உண்டு. மணத்தை முகர்ந்து அறியலாம், சுவைத்துப் பார்க்கக் கூடாது. இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும்; கியர் ஆயிலும் பிரேக் ஆயிலும் எண்ணெய்த்தன்மையாலேயே தனித்துத் தெரியும். இரவில் முன்பக்க அடியில் வெளிறிய அட்டையை விரித்துவைத்தால் காலையில் சொட்டின் நிறமும் விழுந்த இடமும் சேர்ந்தே கிடைக்கும்.

நிறத்தை வைத்துக் கூலண்டின் வகையைத் தீர்மானிக்க முடியாது. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம், ஆரஞ்சு என்று நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி சாயம் சேர்க்கின்றன. பொதுத் தரம் எதுவும் இல்லை. கசிவைத் தேடுபவருக்கு அந்தச் சாயம் வேறு வகையில் உதவுகிறது. கசிந்த நீர் ஆவியான பிறகு சாயமும் மருந்துகளும் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் படிந்து நிற்கும். ஒரு சொட்டும் விழாத கசிவுகளில் பெரும்பாலும் கிடைக்கும் ஒரே தடயம் இந்தப் படிவுதான்.

சொட்டு விழும் இடம் வேறு, கசிவு பிறக்கும் இடம் வேறு. ஓடும் காரில் விசிறியும் எதிர்க்காற்றும் திரவத்தைப் பின்னுக்குத் தள்ளும். அடித்தட்டு உள்ள கார்களில் அது தட்டின் மேல் தேங்கி, ஓர் ஓரத்து ஓட்டை வழியே ஒன்றரை அடி தள்ளிச் சொட்டும். ஆகவே ஈரத்தைப் பின்பற்றி மேல்நோக்கியே போக வேண்டும். ஈரமோ படிவோ தெரியும் மிக உயர்ந்த புள்ளி எதுவோ அதற்கு அருகில்தான் ஓட்டை இருக்கும். எண்ணெயும் தூசியும் அப்பிய இன்ஜினில் இதைப் பார்க்கவே முடியாது. அங்கே முதலில் துடைத்துச் சுத்தம் செய்து, ஒருநாள் ஓட்டிவிட்டு, டார்ச் விளக்கோடும் சிறு கண்ணாடியோடும் மறுபடி தேட வேண்டும்.

ரேடியேட்டரில் பார்க்க வேண்டிய இடம் நடுப்பகுதியைவிட ஓரங்கள். இன்றைய ரேடியேட்டர்களில் நடுவில் இருப்பது அலுமினியம். இரு ஓரத்துத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டையும் ஒரு ரப்பர் வளையத்தை இடையில் வைத்து மடித்து நெரித்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி அந்தப் பிளாஸ்டிக் உடையும் பதத்துக்கு வந்தபின், மேல் ஹோஸ் சொருகும் கழுத்தருகே மயிரிழை விரிசல் விழும், அல்லது மடிப்போரம் கசியும். முன்னால் இருந்து கல் தெறித்துத் துளை விழுவதும் உண்டு. ஏசி கண்டன்சர் முன்னால் மறைத்து நிற்பதால் அது எளிதில் தெரியாது. செம்பும் பித்தளையும் கொண்ட பழைய ரேடியேட்டரை ஈயம் பற்றவைத்து மீட்டுவிடுவார்கள். பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் மாற்றுவதே உத்தமம். பசை வைத்து ஒட்டியது அடுத்த ஏற்றத்திலேயே பிளந்துகொள்ளும். புது ரேடியேட்டரும் சில மாதத்தில் ஊசித்துளை விட்டால் சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் திரும்ப வேண்டும். இன்ஜினின் எர்த் வயர் சரியில்லாமல் மின்னோட்டம் கூலண்ட் வழியே பாய்ந்தால் அலுமினியத்தை அது அரித்துத் தின்னும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை, உலோகத்தில் படாமல், கூலண்டிலும் வைத்துப் பார்க்கையில் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தச் சந்தேகம் வலுவானது.

ஹோஸ்களைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் அமுக்கியும் பார்க்க வேண்டும். நல்ல ரப்பர் அமுங்கி உடனே மீளும். களிபோல் மென்மையாகிவிட்டதும், அமுக்கினால் உள்ளே நொறுங்குவதுபோல் உணர்த்துவதும், கிளிப்பை ஒட்டிப் புடைத்து நிற்பதும் மாற்ற வேண்டியவை. எண்ணெய் பட்ட ஹோஸ் உப்பிப்போகும். ஹோஸில் பழுதில்லாமல் கிளிப் மட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கினால் சரியாகிவிடும். ஆனால் திருகாணி கிளிப்பை வெறியோடு முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும், பிளாஸ்டிக் கழுத்தை நெரித்து உடைத்துவிடும். நிறுவனமே போட்ட ஸ்பிரிங் கிளிப் ரப்பரோடு சேர்ந்து விரிந்து சுருங்கும் என்பதால் அதைக் கழற்றித் திருகாணி கிளிப் போடுவது முன்னேற்றம் ஒன்றும் அல்ல. நம் ஊரில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. வயல், குப்பைமேடு அருகே நிற்கும் கார்களில் எலி புகுந்து வயர்களைக் கடிப்பதோடு மெல்லிய ஹோஸ்களையும் கொறித்துவிடும். டப்பாவுக்குப் போகும் சிறு குழாயில் பல் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

மிகக் குறைந்த செலவில் தீரக்கூடிய காரணம் மூடி. அதில் இரண்டு வால்வுகள் உண்டு. அழுத்தம் வரம்பைத் தாண்டும்போது திறந்து விடுவது ஒன்று. ஆறும்போது டப்பாவிலிருந்து திரவம் திரும்ப வழிவிடுவது இன்னொன்று. ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் சோர்ந்திருந்தாலோ கூலண்ட் முன்கூட்டியே டப்பாவுக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்து வழிந்து வெளியே போகும். கண்ணுக்குத் தெரியும் ஓட்டை எதுவும் இல்லாமல் டப்பாவைச் சுற்றி மட்டும் படிவு இருந்தால் முதல் சந்தேகம் மூடிமேல் விழ வேண்டும். இரண்டாவது வால்வு அடைத்துக்கொண்டால் ஆறிய இன்ஜினில் மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகக் கிடக்கும். மூடியின் தலையில் 0.9, 1.1 போன்ற எண் அச்சிட்டிருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அது எவ்வளவு தாங்கும் என்பதே அந்த எண். புது மூடி வாங்கும்போது அதே எண் பார்த்து வாங்க வேண்டும். கூடுதல் எண் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து மாற்றினால் பழைய ஹோஸும் ரேடியேட்டரும் அதன் விலையைக் கொடுக்கும்.

வாட்டர் பம்ப் தானே கசிவை அறிவித்துவிடும். அதன் சுழல்தண்டில் உள்ள சீல் தேய்ந்தால் பேரிங்குக்குள் திரவம் போகாமல் வெளியேறட்டும் என்று பம்பின் உடலில் சிறு துளை ஒன்றை வைத்தே செய்திருப்பார்கள். அங்கே காய்ந்த சிறு கறை இருப்பது பெரிய குற்றமில்லை. ஈரம் தொடர்ந்தால் பம்பின் ஆயுள் முடிந்தது. கப்பியைக் கையால் ஆட்டும்போது ஆட்டம் காட்டுவதும், ஓடும்போது உறுமுவதும் அதன் கூடவே வரும். டைமிங் பெல்ட்டே பம்பையும் சுழற்றும் இன்ஜின்களில் கசியும் கூலண்ட் பெல்ட்டை நனைத்துக் கெடுக்கும். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும். பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் சொல்வது கூலிக்காக அல்ல. இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றுதான்.

ஹீட்டரை நம் ஊரில் யாரும் போடுவதில்லை என்பதால் அதை மறந்தே போவார்கள். ஆனால் பல கார்களில் ஹீட்டருக்குள் கூலண்ட் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் குட்டி ரேடியேட்டர் ஒழுகினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. காருக்குள் தித்திப்பான வாடை, முன் கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கான மூட்டம், முன்னால் கார்ப்பெட்டுக்கு அடியில் பிசுபிசுத்த ஈரம் ஆகியவை அதன் அடையாளங்கள். ஏசியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் கார்ப்பெட் நனையும். அந்த ஈரத்தில் பிசுபிசுப்பு இருக்காது.

தெர்மோஸ்டாட் இருக்கும் கூடு, வெப்பச் சென்சார் திருகியிருக்கும் இடம், இன்ஜின் பிளாக்கின் பக்கங்களில் வார்ப்பு ஓட்டைகளை அடைத்திருக்கும் வட்டத் தகடுகளான கோர் பிளக்குகள் ஆகியவை மிச்சம். வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் கோர் பிளக் உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விடும். உப்பு நீர் ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிந்து அடைப்பதும் அதே கணக்கில் சேரும்.

இவ்வளவு பார்த்தும் இடம் தெரியாவிட்டால் அழுத்தச் சோதனை. சைக்கிள் பம்பை ஒத்த ஒரு சிறு கைப்பம்பும் அதில் ஒரு மீட்டரும் இதற்குப் போதும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதிய எண் அளவுக்கு மட்டும் காற்றை ஏற்ற வேண்டும். ஓடும் இன்ஜினில் விசிறியும் பெல்ட்டும் சூடும் தடுக்க, காண முடியாமல் போன கசிவை, அசையாத குளிர்ந்த இன்ஜினில் அதே அழுத்தத்தில் நிதானமாகப் பார்க்க முடிவதுதான் இந்தக் கருவியின் பெருமை. கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். முள் இறங்கும்போது காதைத் தீட்டினால் சீறல் கேட்கும், டார்ச் அடித்தால் துளி திரள்வது தெரியும். மூடியையும் அதற்குரிய இணைப்பில் பொருத்தித் தனியே சோதிக்கலாம். முள் இறங்குகிறது, ஆனால் எங்கும் ஈரமே இல்லை என்றால் திரவம் உள்ளே எங்கோ போகிறது. ஹீட்டரோ இன்ஜினோ என்று தேடலின் திசை மாறும். வசதியுள்ள பட்டறை எதிலும் இந்தக் கருவி இருக்கும். இதைச் செய்யாமல் ஊகத்திலேயே ஒவ்வொரு உதிரியாக மாற்றச் சொல்லும் இடத்தில் காரை விடாமல் இருப்பது நல்லது.

சூட்டில் மட்டும் எப்போதாவது வெளிப்படும் கசிவுக்கு ஒளிரும் சாயம் ஏற்றது. கூலண்டில் அதைக் கலந்து இரண்டு மூன்று நாள் வழக்கம்போல ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிந்த வழி பளிச்சென்ற பச்சை மஞ்சளாக ஒளிரும். சில கூலண்டுகள் சாயம் சேர்க்காமலேயே ஓரளவு ஒளிரும் என்பதால் பழைய கறையைத் துடைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

உட்கசிவுகளில் பணத்தை அதிகம் விழுங்குவது ஹெட் கேஸ்கட். பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மெல்லிய தகடு எரியும் வாயு, கூலண்ட், ஆயில் மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் பிரித்துவைக்கிறது. ஒருமுறை இன்ஜின் கடுமையாகச் சூடேறினாலே அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கட் விட்டுக்கொடுக்கக்கூடும். எந்த இரண்டு வழிகளுக்கு நடுவே அது விடுகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். கூலண்ட் சிலிண்டருக்குள் போனால் புகைக்குழாயில் தித்திப்பு வாடையோடு கலைந்து போகாத வெண்புகை வரும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் சில நொடி தடுமாறும். பெட்ரோல் இன்ஜினில் ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் ஆவியால் கழுவியதுபோல் வெளுத்திருக்கும். எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்தால் டப்பாவில் ஓயாமல் குமிழி வரும்; ஆறிய இன்ஜினை ஓட்டிய ஓரிரு நிமிடத்திலேயே, சூடேறும் முன்பே, மேல் ஹோஸ் கல்லாகக் கெட்டிப்படும். ஆயிலோடு கலந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வரும்.

இந்த அறிகுறிகள் ஏமாற்றவும் செய்யும். கொடைக்கானல் குளிரில் காலையில் எந்தக் காரும் வெண்புகை விடும். அது ஓரிரு நிமிடத்தில் கலைந்துவிடும். கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் காரில் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளுத்த நுரை படிவதும் வெறும் ஈரப்பதத்தால் நேரலாம். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் கவலையில்லை. அண்மையில் கூலண்ட் மாற்றிய காரில் உள்ளே மாட்டிய காற்று வெளியேறும்போதும் குமிழி வரும். அதனால் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இரசாயனச் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் கண்ணாடிக் குழாய் ஒன்றை வைத்து, மேலே நிற்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே உறிஞ்சிப் பார்க்கும் எளிய சோதனை இது. எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். டீசல் இன்ஜினில் நிற மாற்றம் மங்கலாக இருக்கக்கூடும். அதற்கும் மேலே உறுதி வேண்டுமானால் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றைச் செலுத்தி, ரேடியேட்டரில் குமிழி எழுகிறதா என்று பார்ப்பார்கள். அப்போது எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும்.

கேஸ்கட் மேல் பழி போடும் முன் டீசல் கார்களில் இஜிஆர் கூலரைப் பார்ப்பது நியாயம். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இந்தக் கருவிக்குள் கூலண்ட் ஓடுகிறது. அது வெடித்தால் கூலண்ட் குறைவதும் வெண்புகையும் கேஸ்கட் பழுதைப் போலவே இருக்கும், செலவு மட்டும் வேறு. அதேபோல் ஆயில் கூலர் உள்ளே விட்டால் ரிசர்வ் டப்பாவில் ஆயில் மிதக்கும். கியர் ஆயிலை ரேடியேட்டருக்குள்ளேயே குளிர்விக்கும் ஆட்டோமேட்டிக் கார்களில் இரண்டும் கலந்து இளஞ்சிவப்புக் கூழாக மாறினால் காரை அதற்குமேல் ஓட்டக் கூடாது. கியர்பாக்ஸ் போய்விடும்.

டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளை முழுதாக நம்பி இருப்பது ஆபத்து. சென்சார் திரவத்தில் மூழ்கியிருக்கும்வரைதான் அதன் கணக்கு சரி. கூலண்ட் பெரும்பகுதி வெளியேறி சென்சாரைச் சுற்றிக் காற்றும் ஆவியும் மட்டும் மிஞ்சினால், இன்ஜின் வெந்துகொண்டிருக்க முள் நடுவிலோ அதற்குக் கீழோ நிற்கும். பல கார்களில் அந்த முள்ளையே நடுவில் அசையாமல் நிற்கும்படி கணினியில் அமைத்திருப்பார்கள். அது ஏறுவது தெரியும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். முள்ளே இல்லாமல் விளக்கு மட்டும் உள்ள சிறு கார்களில் சிவப்பு எரிந்ததும் அடுத்த பெட்ரோல் பங்க் வரை என்று ஓட்டாமல் ஓரம்கட்டுவதுதான் ஹெட்டைக் காப்பாற்றும்.

வால்பாறை, ஏற்காடு ஏற்றத்தில் முள் மெல்ல ஏறுகிறது, ஆனால் ஆவியோ ஒழுக்கோ இல்லை என்றால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, விசிறியை வேகமாக விட்டால் அதுவும் ஒரு ரேடியேட்டராக வேலை செய்து சற்று ஆறும். அப்போதும் இறங்காவிட்டாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ நிறுத்தி அணைத்துவிட வேண்டும். வெந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது ஹெட்டில் விரிசல் விழ வைக்கும். ஆறிய பிறகு, கூலண்ட் கையில் இல்லாவிட்டால், குடிதண்ணீர் ஊற்றிப் பட்டறை வரை போவதில் தவறில்லை. அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போட்டுக் கசிவை அடைக்கும் கைவைத்தியம் பழைய ஓட்டுநர்களிடம் உண்டு. கடையில் விற்கும் அடைப்பு மருந்துகளும் ஏறக்குறைய அந்தத் தத்துவம்தான். துகள்கள் ஓட்டையில் போய்ச் சிக்கி அடைக்கும்; கூடவே ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். காட்டுப் பாதையில் மாட்டிக்கொண்டவருக்கு அது உதவலாம். வீட்டு வாசலில் நிற்கும் காரில் போட்டால் அடுத்து வரும் மெக்கானிக்குக் கூடுதல் வேலை.

கசிவைச் சரிசெய்தபின் காரின் கையேட்டில் சொன்ன வகைக் கூலண்டையே ஊற்ற வேண்டும். அடர்கூலண்டாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் கலக்க வேண்டும். கலந்தே விற்பதில் மேலும் நீர் சேர்க்கத் தேவையில்லை. ஒத்துப்போகாத இரு வகைகள் கலந்தால் கூழாகத் திரளவும், அரிப்புத் தடுப்பு வீணாகவும் கூடும். நிரப்பும்போது காற்று மாட்டிக்கொள்ளாமல் இருக்க, அதற்கான திருகு இருந்தால் திறந்து, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து விசிறி ஓடும்வரை இன்ஜினை ஓடவிடுவார்கள். வடித்தெடுத்த பழைய கூலண்டைத் தட்டில் திறந்து வைக்கவோ சாக்கடையில் கொட்டவோ கூடாது. எத்திலீன் கிளைக்கால் உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு.

முதல் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் மிச்சமிருந்த காற்று வெளியேறி மட்டம் சற்றே இறங்கலாம். ஆறிய இன்ஜினில் ஒருமுறை நிரப்பி, டப்பாவில் புதிய கோடு போட்டுவைக்க வேண்டும். அதற்குப் பிறகும் மட்டம் அந்தக் கோட்டைவிட்டு இறங்கினால் மாற்றிய உதிரி சரியாகப் பொருந்தவில்லை, அல்லது ஓட்டை ஒன்றுக்கு மேல் இருக்கிறது. அழுத்தச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லிக் காரைப் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டும்.